உள்ளே குடியிருப்பவர்கள்

பாட்டிலுக்குள் இருந்த மூட்டைப்பூச்சிகள் எல்லாம் ஒரே பக்கமாக நின்றிருந்தன.

கண்ணாடிக்காரர் பாட்டிலை ஜன்னலோரம் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். மூக்குக்கண்ணாடிக் கடையில் முப்பது வருடமாக வில்லை தேய்த்துக் கொடுப்பவர். எதையும் அப்படித்தான் பார்ப்பார், தெருவில் அவருக்குப் பெயரே கண்ணாடிக்காரர்தான். பாட்டிலின் அகன்ற வாயை மெல்லிய வெள்ளைத் துணி இறுக்கி மூடியிருந்தது. உள்ளே விசிறிபோல் மடித்த அட்டை. வெளிச்சம் பட்டால் அந்த மடிப்புகளுக்குள் ஓடி ஒளிவதுதான் மூட்டைப்பூச்சியின் குணம். இன்றோ காலை வெயில் நேராக விழுந்தும் ஐம்பது அறுபது பூச்சிகள் வெளியே வந்து, கண்ணாடிச் சுவரில் ஓரிடத்தில் ஒன்றின்மேல் ஒன்று ஏறி அப்பியிருந்தன. அவர் பாட்டிலைத் திருப்பி மேஜைமேல் வைத்துவிட்டுப் பல் தேய்க்கப் போனார். வந்து பார்த்தபோது அத்தனையும் மறுபடி அதே திசைக்கு நகர்ந்திருந்தன. அந்தப் பக்கம் சுவர்தான் இருந்தது. சுவருக்கு அப்பால், வேலை பார்க்கும் ஊரிலிருந்து நேற்று மாலை வந்த மகள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

மூட்டைப்பூச்சியைப் பாட்டிலில் வைத்து வளர்க்கிற மனிதரை ஊர் என்ன சொல்லும் என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. அதனால்தான் அலமாரியில் சட்டைகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தார். பாட்டில் அவர் மனைவியுடையது. அவள் பூச்சி ஆராய்ச்சி நிலையத்தில் முப்பது வருடம் வேலை பார்த்தவள். தெள்ளுப்பூச்சி, உண்ணி, மூட்டைப்பூச்சி என்று அறை நிறைய வைத்திருப்பார்கள்; அவற்றை உயிரோடு காப்பாற்றுவது அவள் பொறுப்பு. மூட்டைப்பூச்சிக்கு வாரம் ஒருமுறை பாட்டிலை முன்கையில் கவிழ்த்துப் பத்து நிமிடம் பிடித்துக்கொள்வாள். துணி வழியாகவே அவை குடித்துவிடும். விடுமுறை நாட்களில் ஒரு பாட்டிலை வீட்டுக்கே கொண்டுவந்துவிடுவாள். கேட்டால், “இதுங்களுக்கு என் கை பழகிப்போச்சுங்க” என்பாள்.

அவள் போய் ஐந்து மாதம் ஆகிறது. பாட்டில் வீட்டிலேயே தங்கிவிட்டது. நிலையத்திலிருந்து அவளுடைய குடையையும் செருப்பையும் கொண்டுவந்து கொடுத்தவர்களிடம் அவர் பாட்டிலைப் பற்றி மூச்சு விடவில்லை. அவளுடைய துணிமணிகள் இருந்தன, சீப்பில் முடிகூட இருந்தது. ஆனால் அவளுடைய ரத்தத்தை வயிற்றில் வைத்திருக்கிற உயிர் இந்த உலகத்தில் வேறு எது இருக்கிறது? பட்டினி போட மனம் வரவில்லை. சட்டைக் கையை மடித்துத் தன் முன்கையிலேயே பாட்டிலைக் கவிழ்த்துக்கொண்டார். கடித்தபோது வலியைவிட அழுகைதான் வந்தது. அன்றிலிருந்து கடைக்கு முழுக்கைச் சட்டைதான்.

மகள் எழுந்து வந்து மேஜையைப் பார்த்தாள். அவளுக்கு இருபத்தாறு வயது, பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவருக்கு இன்னும் பாப்பாதான்.

“அம்மாவோட பாட்டிலா? இன்னும் வச்சிருக்கீங்களாப்பா?”

அவள் கண்ணாடியின்மேல் உள்ளங்கையை வைத்தாள். பூச்சிகள் மெதுவாக ஊர்ந்து அவள் கையின் வடிவத்திலேயே வந்து நின்றன, ஐந்து விரலுக்கும் ஐந்து வரிசை.

“என்னைத் தெரியுது போல” என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனாள். குரல் கரகரத்தது. அவர் ஓடிப்போய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். கொதித்தது.

காய்ச்சல் என்றதும் அவர் டாக்டரிடம் போகச் சட்டையை மாட்டிக்கொண்டார். மனைவி போனதும் இப்படித்தான். காலில் ஒரு சின்னக் காயம். மாத்திரை போடு என்று தலைபாடாக அடித்துக்கொண்டார். அவள் கேட்கவில்லை. வாழ்நாள் முழுக்க ஒரு மாத்திரை போட்டதில்லை, பிள்ளைக்கும் கொடுத்ததில்லை. டாக்டர் எழுதிக் கொடுப்பதை வாங்கி வந்து ஜன்னல் வழியே வீசிவிடுவாள். “நம்ம உடம்புக்கு அது ஆகாதுங்க.” கடைசியில் காயம் விஷமாகி, நினைவில்லாத நிலையில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நரம்பில் ஊசி குத்தி மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். காலம் கடந்துவிட்டது என்று டாக்டர் சொன்னார். பன்னிரண்டாம் நாள் இதயம் நின்றது.

காலம் கடத்தியது யார்? தான்தான் என்று அவர் முடிவுகட்டியிருந்தார். கட்டாயப்படுத்தி வாயில் போட்டிருந்தால் அவள் இருந்திருப்பாள். இனி இருப்பது இந்த ஒருத்திதான். இவளையும் விட்டுவிட்டால் அவருக்கு இந்த வீட்டில் பேச ஆளில்லை, வீட்டுக்கு வெளியே போகக் காரணமும் இல்லை.

தெருமுனை டாக்டர் தொண்டையில் விளக்கடித்துப் பார்த்து, காலை ஒன்று மாலை ஒன்றாக ஐந்து நாளைக்கு எழுதினார். “பாதியில நிறுத்திடாதீங்க. நிறுத்தினா கிருமி திரும்பி வந்துடும்.”

வீட்டுக்கு வந்ததும் மகள் மாத்திரையைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“வேண்டாம்பா. சுடுதண்ணி குடிச்சாப் போதும். அம்மா கொடுத்ததே இல்ல.”

“அதனாலதான் அம்மா இன்னைக்கு இல்ல.”

அவள் தலை குனிந்தாள். சொன்ன பிறகு அவருக்கும் நெஞ்சில் முள் தைத்தது.

“எனக்குப் பயமா இருக்குப்பா.”

“மாத்திரைக்கா? பள்ளிக்கூடமே உன்னைப் பாத்து நடுங்குதுன்னு சொல்லுவ.”

“ஏன்னு தெரியல. இதை வாங்கினதுமே உடம்பெல்லாம் பதறுது. யாரோ கெஞ்சற மாதிரி இருக்கு, உள்ளேருந்து.”

“வாயைத் திற.”

அவள் திறந்தாள். விழுங்கியதும் நாக்கைத் தூக்கிக் காட்டச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். அவள் கண்ணில் நீர் நின்றது. இவ்வளவு பெரிய பெண் மாத்திரைக்கு அழுகிறாளே என்று அவருக்குச் சிரிப்பும் வந்தது, அன்பும் வந்தது.

மறுநாள் காய்ச்சல் குறைந்தது. அவர் கடைக்கு லீவு சொல்லிவிட்டு வீட்டிலேயே இருந்தார். மகள் ஜன்னலடியில் உட்கார்ந்து, கையோடு கொண்டுவந்த பரீட்சைத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தாள். சிவப்புப் பேனா தாளில் உரசும் சத்தம், நடுநடுவே அவள் தன்னையறியாமல் முனகும் ஏதோ ஒரு ராகம். இரண்டும் சேர்ந்து கேட்டபோது வீட்டுக்கு உயிர் வந்ததுபோல் இருந்தது. எப்போது நின்றது என்று தெரியவில்லை. அவர் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தபோது பேனா தாளின்மேல் ஒரே இடத்தில் குத்தி நின்றிருந்தது. மை ஊறிப் பெரிய வட்டமாகப் பரவியிருந்தது.

“அப்பா.”

“என்னம்மா?”

“ஏழு எப்படி இருக்கும்?”

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. பதிலுக்காக அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாலை மாத்திரையைக் கொடுத்துவிட்டுப் பாட்டிலைப் பார்த்தார். பூச்சிகள் சுவர்ப் பக்கத்திலிருந்து பிரிந்து, எங்கே போவது என்று தெரியாதவைபோல் அடியில் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தன.

மூன்றாம் நாள் அவை அட்டை மடிப்புக்குள் போய்விட்டன. ஒன்றுகூட வெளியே இல்லை. பூச்சி பூச்சியாக நடந்துகொள்கிறது என்று அவர் ஆறுதல் அடைந்திருக்க வேண்டும். ஆறுதல் வரவில்லை. வீட்டில் ஏதோ ஒன்று குறைந்திருந்தது. வெகுநேரம் யோசித்த பிறகுதான் அது ஒரு வாசனை என்று புரிந்தது. மிகப் பழுத்த பழத்தின் தித்திப்பு போல லேசான ஒரு வாசனை, மகளின் தலைமுடியில், கழுத்தோரத்தில், அவள் உடுத்திப் போட்ட துணியில் எப்போதும் இருக்கும். அவள் அம்மாவிடமும் இருந்தது. கல்யாணமான புதிதில் அதைத் தைலம் என்று நினைத்திருந்தார், பிறகு அதுதான் அவள் என்று நினைத்துக்கொண்டார். பாட்டிலின் துணியை முகர்ந்தார். அதே வாசனை. மகளின் அருகில் போய் முகர்ந்தார். வெறும் சோப்பு வாசனை மட்டும்.

அவள் அடுப்படியில் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் கொட்டுவதைப் பார்த்தபடி நின்றாள். தண்ணீர் நிரம்பித் தரையெல்லாம் ஓடியது. அவர் குழாயை மூடினார். கொட்டாத தண்ணீரையும் அவள் அதேபோலப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

நான்காம் நாள் கைத்தாங்கலாக டாக்டரிடம் கூட்டிப் போனார். டாக்டர் தொண்டையைப் பார்த்தார், காய்ச்சலைப் பார்த்தார். “சுத்தமாயிடுச்சே. அசதிதான். மிச்ச மாத்திரையை முடிச்சிடுங்க.” வரிசையில் இன்னும் இருபது பேர் இருந்தார்கள்.

மாலை அவள் வாயைத் திறக்கவில்லை. பிடிவாதம் இல்லை, திறக்க வேண்டும் என்பதே தெரியாததுபோல் உட்கார்ந்திருந்தாள். அவர் மாத்திரையைப் பொடித்துத் தேனில் குழைத்து உதட்டில் தடவினார். நாக்கு தானாக வெளியே வந்து சப்பியது. ஐந்தாம் நாள் காலையிலும் அப்படியே கொடுத்தார். பாதியில் நிறுத்தக்கூடாதே.

பத்து மாத்திரையில் ஒன்பது முடிந்தது.

பகல் இரண்டு மணி இருக்கும். தெருவில் பழைய இரும்பு வாங்குகிறவன் குரல் கொடுத்துக்கொண்டு போனான், மாடி வீட்டில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள். அவர் சாப்பிட்ட தட்டைக் கழுவிக்கொண்டிருந்தார். அப்போது அறைக்குள்ளிருந்து அந்தச் சத்தம் கேட்டது.

தட்டு கையிலிருந்து நழுவியது.

அழுகை. பெரியவர்கள் அழுவது அல்ல. மூச்சை உள்ளே இழுத்து, நிறுத்தி, உடைந்து வெளியே வரும் அழுகை. இருபத்தாறு வருடத்துக்கு முன் பிரசவ அறைக்கு வெளியே நின்று அவர் கேட்டது.

கட்டிலில் மகள் மல்லாந்து கிடந்தாள். கைகால் தனித்தனியாக உதைத்தன. விழிகள் எதிலும் நிற்கவில்லை. தன் கை முகத்துக்கு எதிரே வந்தபோது, அது என்ன என்று பயந்தாள். வாய் பக்கவாட்டில் திரும்பி எதையோ தேடியது.

“பாப்பா.”

பெயர் தெரியாது அவளுக்கு. அது அழைப்பு என்பதே தெரியாது.

அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். அங்கே உட்கார்ந்தபோதுதான் ஆஸ்பத்திரி நினைவுக்கு வந்தது. ஊசி மருந்து ஏறத் தொடங்கி நான்கைந்து நாளில் மனைவி கண்ணைத் திறந்தாள். காய்ச்சல் இல்லை. முகம் தெளிந்திருந்தது. அவர் கையைப் பிடித்தபோது மரியாதையாக விலக்கிக்கொண்டாள். “சார், கொஞ்சம் வழி விடறீங்களா? ஹாஸ்டல் கேட்டை எட்டு மணிக்குப் பூட்டிடுவாங்க.” பஸ்ஸில் பக்கத்தில் நிற்கும் ஆளிடம் பேசுகிற குரல். மகளைக் காட்டினார். “யாரு இவங்க?” மூளைக்குக் காய்ச்சல் ஏறிவிட்டது என்றார்கள், அவரும் நம்பினார். சாகும்வரை அவள் அவரை சார் என்றுதான் கூப்பிட்டாள்.

ஹாஸ்டல். அவள் ஹாஸ்டலில் இருந்தது இருபத்திரண்டு வயதில். பூச்சி அறையில் வேலைக்குச் சேர்ந்த வருடம். கையில் முதன்முதலாகப் பாட்டிலைக் கவிழ்த்த வருடம். அவரை அவள் பார்ப்பதற்கே இன்னும் மூன்று வருடம் இருந்தது.

சாப்பாட்டு மேஜையில் அவள் எத்தனையோ முறை சொன்னது இப்போது ஒவ்வொரு வார்த்தையாக வந்தது. “பூச்சிக்கு ரத்தம் மட்டும் போதாதுங்க. அதுல இல்லாத சத்தை ஆக்கிக் கொடுக்க உள்ளே ஒரு கூட்டம் குடியிருக்கு, கண்ணுக்குத் தெரியாத கிருமி. இடம் பூச்சியோடது, சமையல் அவங்களோடது. அம்மாகிட்டேருந்து முட்டைக்குள்ள போவாங்க, பொறக்கும்போதே குடித்தனம் ஆரம்பிச்சிடும். ஆம்பளைப் பூச்சிக்குள்ள போனா அதோட சரி, முட்டுச்சந்து.” மகள் விழுந்து விழுந்து சிரிப்பாள். வீட்டுக்கு வீடு வாசப்படி என்று அவர் சோற்றைப் பிசைவார். “மருந்து கலந்து கொடுத்தா குடித்தனக்காரங்க காலி. பூச்சி சாகாது. நடக்கும், குடிக்கும், அவ்வளவுதான். பாத்தாப் பாவமா இருக்கும். வீடு இருக்கு, ஆளில்ல.”

அப்படியென்றால் இருபத்தேழு வருடம் அவர் யாரோடு குடித்தனம் நடத்தினார்?

கோபித்துக்கொண்டது யார்? அவர் இருமினால் தூக்கத்திலும் எழுந்து முதுகைத் தடவியது யார்? ஆஸ்பத்திரிக் கட்டிலில் அந்த இருபத்திரண்டு வயதுப் பெண் கண்விழித்தபோது, அவருடைய மனைவி எந்தச் சொட்டு மருந்தில் போனாள்? அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். விசிறிக்கொண்டிருந்தார்.

அம்மாவாவது பாதியில் இடம் கொடுத்தவள். அவளுக்கென்று இருபத்திரண்டு வருடம் இருந்தது. மகள் கருவிலேயே வாங்கிவந்தவள். முதல் அடி வைத்தது, மழலை பேசியது, கணக்கில் நூறு வாங்கியது எல்லாம் அந்தக் குடித்தனக்காரர்கள். அவர்கள் போனபின் மிச்சம் இருந்தது, இருபத்தாறு வருடம் உள்ளே எங்கோ ஒரு மூலையில் கிடந்து, இன்று பகல் இரண்டு மணிக்குப் பிறந்த ஒரு குழந்தை.

அது பசியில் அழுதுகொண்டிருந்தது. அவர் எழுந்து பாலைக் காய்ச்சி ஆற்றி, பஞ்சில் தொட்டு வாயில் வைத்தார். சப்பியது. சப்பிக்கொண்டே அவர் சுட்டுவிரலைப் பிடித்துக்கொண்டது. வளர்ந்த பெண்ணின் கை, நகத்தோரம் சிவப்பு மைக் கறை. பிடியில் மட்டும் பிறந்த குழந்தையின் உயிர்ப்பிடி.

பால் குடித்து அது தூங்கிய பிறகு, அவர் பாட்டிலை எடுத்துவந்தார். யோசிக்கவில்லை என்று சொல்ல முடியாது. யோசித்துவிட்டுத்தான் எடுத்துவந்தார். அம்மாவுக்கு வந்தது இந்தக் கடி வழியாகத்தான். அவரையும் ஐந்து மாதமாகக் கடித்தன. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை, முட்டுச்சந்தில் யார் குடிவருவார்? மகளின் முன்கையில் பாட்டிலைக் கவிழ்த்தார். மடிப்புக்குள்ளிருந்து அவை வரிசையாக இறங்கி வந்தன. துணியில் கால்கள் பதியும் சத்தம் மிக மெல்லியது. குழந்தை விழித்து வீறிட்டது. அவர் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் எண்ணினார்.

ஒரு நாளைக்கு மூன்று முறை. வாரம் ஒருமுறை குடிக்கிற பூச்சிகள் ஒவ்வொரு முறையும் இறங்கி வந்தன.

இரண்டாம் நாள் காலை பாலோடும் பாட்டிலோடும் அறைக்குள் போனார். ஜன்னல் வெளிச்சத்தை வெறித்துக்கொண்டிருந்த அது, காலடிச் சத்தத்துக்குத் தலையைத் திருப்பியது. விழிகள் அலைந்து, அவர் முகத்தில் வந்து நின்றன. அவருடைய நரைத்த தாடி, கண்ணாடி, ஈரக் கண்கள் எல்லாவற்றையும் மெதுவாகப் பார்த்தன. பிறகு அது சிரித்தது.

அவருக்குத் தெரிந்த சிரிப்பு இல்லை அது. மகள் ஒரு பக்கமாக உதட்டைக் கோணிச் சிரிப்பாள். இது வாய் நிறைய, யாரும் சொல்லித்தராமல், உலகத்தில் முதன்முதலாகத் தெரிந்த ஒரு முகத்துக்காக வந்த சிரிப்பு.

பாட்டில் அவர் கையில் இருந்தது. இதுவும் என் பிள்ளைதானே என்று வாய்விட்டே சொன்னார். இதுதான் என் பிள்ளை. இதற்கு என்னைத் தவிர நாதி இல்லை. இன்னும் கொஞ்ச நாள் விட்டால் தவழும், பேசும். அப்பா என்று சொல்லும்.

ஆனால் அது கணக்கு டீச்சராக வராது. அம்மா அப்படிச் சொன்னாள் இப்படிச் சொன்னாள் என்று அவரோடு உட்கார்ந்து பேசாது. அவருக்கு மகள் வேண்டும். அவளைத்தான் வளர்த்தார், அவளைத்தான் பிரிய முடியவில்லை. பெற்றது வேறு, வளர்த்தது வேறு என்று உலகத்தில் எந்த அப்பனுக்கும் வரக்கூடாத வழக்கு அவருக்கு வந்தது. அவர் வளர்த்தவளின் பக்கம் தீர்ப்புச் சொன்னார். சிரித்துக்கொண்டிருந்த முகத்தைப் பார்க்காமல், சுவரைப் பார்த்தபடி பாட்டிலைக் கவிழ்த்தார்.

மூன்றாம் நாள் பகல். குழந்தைக்கு இப்போது அவரைத் தெரியும். பாட்டிலையும் தெரிந்துவிட்டது. பார்த்ததும் உதடு பிதுங்கியது. ஆனாலும் கையை இழுத்துக்கொள்ளவில்லை. மற்றொரு கையால் அவர் விரலைத் தேடிப் பிடித்துக்கொண்டு, அவர் முகத்தையே பார்த்தது. கடிக்கிறபோதெல்லாம் பிடி இறுகியது. கடிக்க விடுவதும் அவர்தான் என்று அதற்கு யார் சொல்வது?

ஐந்தாவது நிமிடம் பழத்தின் வாசனை வந்தது.

லேசாக. பிறகு அறை முழுக்க.

பிடி தளர்ந்தது. சுண்டுவிரல் முதலில். அடுத்து மோதிர விரல். கண்கள் அவர் முகத்திலேயே இருந்தன. எங்கோ கீழே, படி படியாக, யாரோ பின்னோக்கி இறங்கிப் போவதுபோல் அந்தப் பார்வை ஆழத்துக்குப் போயிற்று. நடுவிரல், சுட்டுவிரல். அழவில்லை. அவரை நம்பியபடியே போயிற்று. கட்டைவிரல் மட்டும் இன்னும் ஒரு கணம் ஒட்டிக்கொண்டிருந்தது. அதுவும் விட்டது.

“அப்பா?”

கரகரப்பில்லாத, தெளிந்த குரல்.

“அம்மாவோட பாட்டில் எதுக்கு என் கையில? நீங்க ஏன் அழறீங்க?”

“ஒண்ணுமில்லம்மா. காய்ச்சல் உனக்கு. இப்போ சரியாயிடுச்சு.”

“நல்லாத் தூங்கிட்டேன் போல. பசிக்குதுப்பா.” உதட்டை ஒரு பக்கமாகக் கோணிச் சிரித்தாள். அவர் மகள்தான். துளிகூடக் குறைவில்லை. அவள் கேட்டதையெல்லாம் செய்து போட்டார். பரீட்சைத் தாளில் பரவியிருந்த மை வட்டத்தைப் பார்த்து, யார் செய்த வேலை இது என்று செல்லமாகச் சண்டை பிடித்தாள். அவர் சிரித்தார். ஒரு வாரத்துக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டார்.

சாப்பிட்ட அசதியில் அவள் கட்டிலில் சாய்ந்து கண்ணயர்ந்தாள். மூச்சு சீராக வந்தது. முகம் நிம்மதியாக இருந்தது. அவர் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு பார்த்தபடி இருந்தார்.

போர்வைக்கு வெளியே கிடந்த அவளுடைய வலது கை மட்டும் தூங்கவில்லை. ஐந்து விரலும் மெதுவாக விரிந்தன, மூடின. மறுபடி விரிந்தன. கை படுக்கையின்மேல் ஊர்ந்து, அவர் உட்கார்ந்திருந்த பக்கமாக, விளிம்புவரை வந்து காற்றில் துழாவியது.

அவர் தன் இரண்டு கைகளையும் எடுத்துத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். அது தேடிக்கொண்டே இருந்தது.